கார் பெட்ரோல் ஊற்றிப் பறந்தால் உயரத்தில் என்ன ஆகும்?

கேள்வி, மார்ச் 2
"என் விமானத்தில் இருப்பது 100 குதிரைத்திறன் இன்ஜின், கம்ப்ரஷன் 7:1. கையேட்டில் 80 ஆக்டேன் போதும் என்று இருக்கிறது. பங்கில் கிடைப்பதோ 91. தேவைக்கு மேலேயே இருக்கிறதே, பிறகு ஏன் கார் பெட்ரோல் ஊற்றினால் மேலே போனதும் இன்ஜின் மக்கர் பண்ணும் என்று பயமுறுத்துகிறார்கள்? ஆக்டேன் சரியாக இருந்தால் வேறு என்ன வேண்டும்?"

மார்ச் 2, இரவு
ஆக்டேன், அதாவது சிலிண்டருக்குள் தானாக வெடிக்காமல் பெட்ரோல் தாங்கும் திறன், அதை மட்டும் பார்த்தால் போதாது. நானும் அப்படித்தான் தொடங்கினேன். பதினொரு வருடமாகக் கார் பெட்ரோலில் பறக்கிறேன், இன்றும் அதில்தான் பறக்கிறேன். அதனால் இதை வேண்டாம் என்று தடுக்கிறவனாக என்னை எண்ண வேண்டாம். ஆனால் ஒரு நாள் 7,500 அடியில் இன்ஜின் என்னைக் கைவிடப் பார்த்தது. மேல் இறக்கை, இரண்டு இருக்கை, உங்களிடம் இருப்பது போன்ற இன்ஜின்தான். ஒரே சீராக 2,450 சுற்றில் ஓடிக்கொண்டிருந்தது மெல்ல மெல்ல 2,200க்கு இறங்கியது, பிறகு தரையில் கல் பரப்பியது போல் ஒரு அதிர்வு. டேங்க் முழுக்கக் கார் பெட்ரோல். "வேப்பர் லாக்" என்றுதான் உடனே தோன்றியது, அதாவது குழாயிலேயே பெட்ரோல் கொதித்து ஆவிக் குமிழாகி வழியை அடைத்துவிடுவது. மூக்கைத் தாழ்த்தினேன், கைக்கு எட்டிய எல்லாவற்றையும் இழுத்தேன், அரை நிமிடத்தில் இன்ஜின் சரியானது. கீழே வந்ததும் காற்றழுத்தம் கூடியதால் குமிழ் அடங்கிவிட்டது என்று முடிவு கட்டினேன்.

ஆக, பதில்: ஆக்டேன் அல்ல, ஆவியாகும் தன்மை. விளக்கம் நாளை.

மார்ச் 3
ஏவ்கேஸ் 100எல்எல் என்கிற நீல நிற விமானப் பெட்ரோலின் ஆவி அழுத்தம் (இது கூடினால் சீக்கிரம் கொதிக்கும்) 37.8 டிகிரியில் 38 முதல் 49 கிலோபாஸ்கலுக்குள் இருந்தாக வேண்டும். அதுதான் அதன் விதி. கார் பெட்ரோலுக்கு அப்படி ஓர் இறுக்கமான வரம்பு கிடையாது. பருவத்தைப் பொறுத்து 55ம் இருக்கும், குளிர்காலக் கலவையில் 90க்கு மேலும் போகும். காலையில் கார் உடனே ஸ்டார்ட் ஆக வேண்டும் என்பதற்காகவே அதில் எளிதில் ஆவியாகும் பொருட்களைக் கூடுதலாகச் சேர்க்கிறார்கள்.

இப்போது உயரத்தைச் சேருங்கள். கடல் மட்டத்தில் காற்றழுத்தம் 101 கிலோபாஸ்கல். 6,000 அடியில் சுமார் 81. 10,000 அடியில் 70க்குச் சற்றுக் கீழே. இன்ஜின் மூடிக்குள் இருக்கும் ஹோஸ் 60 டிகிரிக்குச் சூடாகியிருந்தால் பெட்ரோலின் ஆவி அழுத்தம் 38 டிகிரியில் இருந்ததைப் போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஆகிவிடும். ஒரு பக்கம் கொதிக்கத் துடிக்கும் பெட்ரோல், மறுபக்கம் அதை அமுக்கி வைத்திருக்க வேண்டிய காற்று மெலிந்துகொண்டே போகிறது. இதில் ஏவ்கேஸும் விதிவிலக்கு அல்ல, அதுவும் கொதிக்கும், கொஞ்சம் தள்ளிக் கொதிக்கும், அவ்வளவுதான்.

குளிர்காலத்தில் வாங்கி வைத்த பெட்ரோலை வெயில் ஏறிய முதல் வாரத்தில் ஊற்றிப் பறப்பதுதான் எனக்குத் தெரிந்து மிக மோசமான சேர்க்கை.

மார்ச் 4
"91" என்றீர்களே, எந்த 91? இதைக் கேட்க மறந்துவிட்டேன். ஆக்டேனை அளக்க ரிசர்ச், மோட்டார் என்று இரண்டு முறை உண்டு. சில நாடுகளில் பங்கில் எழுதியிருப்பது ரிசர்ச் ஆக்டேன். சில நாடுகளில் ரிசர்ச்சும் மோட்டாரும் சேர்ந்த சராசரி. விமான இன்ஜினின் எண்ணோடு ஒப்பிட வேண்டியது மோட்டார் ஆக்டேனை. ஐரோப்பாவில் 95 என்று விற்கும் பெட்ரோலின் மோட்டார் ஆக்டேனுக்குக் கீழ் வரம்பு 85தான். உங்கள் 91 ரிசர்ச் எண் என்றால் மோட்டார் கணக்கில் 82, 83 என்று வரும். 80 கேட்கும் இன்ஜினுக்கு அது போதும், ஆனால் நீங்கள் நினைத்தது போல் பதினொரு புள்ளி மிச்சம் கிடையாது. 100 கேட்கும் இன்ஜின் வைத்திருப்பவர்கள் இந்தப் பேச்சிலேயே சேர வேண்டாம்.

இன்னொன்று, ஆக்டேன் குறைந்தால் வரும் டெட்டனேஷன், அதாவது சிலிண்டருக்குள் எரிபொருள் தானாக வெடிப்பது, முழு த்ராட்டிலில், தரைக்கு அருகில், டேக்ஆஃபிலும் ஆரம்ப ஏற்றத்திலும்தான் வர வாய்ப்பு அதிகம். டர்போ இல்லாத இன்ஜின் மேலே போகப் போகக் குறைந்த காற்றையே இழுக்கும், சிலிண்டருக்குள் அழுத்தமும் குறையும். ஆகவே உயரம் ஆக்டேனுக்கு உதவுகிறது, ஆவிக்கு எதிரியாகிறது. இந்த இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டுவதால்தான் குழப்பம்.

மார்ச் 6
மார்ச் 2 இரவு எழுதியதைத் திருத்துகிறேன். முழுத் திருத்தம்.

ஒருவர் கேட்டார்: "மேல் இறக்கையில் டேங்க், பம்பே இல்லை, பெட்ரோல் தன் எடையாலேயே கீழே வருகிறது. அதில் எப்படி வேப்பர் லாக்?" நியாயமான கேள்வி, இரண்டு நாள் தூங்கவிடவில்லை. பழைய பறப்புக் குறிப்பேட்டைத் தேடி எடுத்தேன். அன்று எழுதியிருந்தது இவ்வளவுதான்: "7,500. வெளியே 8 டிகிரி. மேகத்தின் அடி பக்கத்தில். 2,450, 2,200. கா.ஹீ. போட்டதும் இன்னும் மோசம், இருமல், பிறகு சரி. 7,200ல் சமன்." கா.ஹீ. என்பது கார்ப் ஹீட், பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டருக்குச் சூடான காற்றை விடும் குமிழ்ப்பிடி.

7,200. முந்நூறு அடிதான் இறங்கியிருக்கிறேன். அதில் காற்றழுத்தம் கூடியது ஒரு சதவீதம் சொச்சம். டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரை ஒரு மீட்டர் உயரத்துக்குப் பெட்ரோல் நின்றாலே 7 கிலோபாஸ்கல் கிடைக்கும். அந்த முந்நூறு அடி தந்தது ஒரு கிலோபாஸ்கலுக்கும் கொஞ்சம் குறைவு. இதனால் குமிழ் அடங்கியது என்று நான் இத்தனை வருடம் நம்பியிருக்கிறேன், மற்றவர்களுக்கும் சொல்லியிருக்கிறேன்.

நடந்தது கார்புரேட்டர் ஐஸ், அதாவது காற்றின் ஈரம் கார்புரேட்டருக்குள் உறைந்து வழியை அடைப்பது. அடையாளங்களை வரிசையாகப் பாருங்கள். சுற்று திடீரென்று விழவில்லை, நழுவியது. வெளியே 8 டிகிரி, ஈரக் காற்று, மேகம் பக்கத்தில். கார்ப் ஹீட்டை இழுத்ததும் நிலைமை மோசமானது, உருகிய தண்ணீரை இன்ஜின் விழுங்கியதால் வந்த இருமல் அது. பிறகு தெளிந்தது. பாடப்புத்தகத்தில் இருப்பது அப்படியே நடந்திருக்கிறது, நான் "கைக்கு எட்டிய எல்லாவற்றையும் இழுத்தேன்" என்று எழுதியதில் அந்த ஒரு குமிழ்ப்பிடியும் இருந்திருக்கிறது. அதுதான் என்னைக் காப்பாற்றியது.

அன்று கார்ப் ஹீட் போட்டதும் இன்ஜின் மோசமானபோது பயந்துபோய் அதைத் திரும்ப உள்ளே தள்ளியிருந்தால்? பலர் அப்படித்தான் செய்கிறார்கள். இருமும்போது கையை எடுக்கக் கூடாது. முழுதாக இழுத்து, முழுதாகவே பிடித்திருக்க வேண்டும். பாதி ஹீட் போட்டால், ஒட்டாமல் கடந்து போயிருக்கும் பனித்துகள்களைக்கூட உருக்கி, ஐஸாக ஒட்டும் நிலைக்குக் கொண்டுவந்துவிடலாம்.

மார்ச் 6, சற்று நேரம் கழித்து
"அப்படியென்றால் கார் பெட்ரோல் குற்றமற்றது" என்று யாராவது எழுதும் முன்பே சொல்லிவிடுகிறேன், இல்லை. கார்புரேட்டரின் குறுகிய தொண்டையில் பெட்ரோல் ஆவியாகும்போது சுற்றியிருக்கும் காற்றின் சூட்டை இழுத்துக்கொள்கிறது. அங்கே வெப்பம் 20 டிகிரிக்கு மேல் விழலாம். அதனால்தான் வெளியே 25 டிகிரி இருக்கும் இதமான நாளிலும் உள்ளே ஐஸ் கட்டுகிறது. சீக்கிரம் ஆவியாகும் பெட்ரோல் இன்னும் சீக்கிரமாகக் குளிர்விக்கும். கார் பெட்ரோலில் பறப்பவர் கார்ப் ஹீட்டை ஏவ்கேஸ்காரரைவிடச் சீக்கிரம், அடிக்கடி போட வேண்டும் என்று சொல்வது இதனால்தான். அதே ஆவியாகும் தன்மைதான் இங்கேயும் காரணம். சூடான குழாயில் அது குமிழாகிறது, குளிர்ந்த தொண்டையில் ஐஸ் ஆகிறது. முதல் நாள் சொன்ன ஒற்றை வரி தப்பில்லை, அதற்குச் சொன்ன கதைதான் தப்பு.

மார்ச் 7
உயரத்தில் இன்ஜின் கரடுமுரடாக ஓடுவதற்குக் காரணம் வெறுமனே மிக்ஸ்சரை மெலிதாக்காமல், அதாவது காற்றில் கலக்கும் பெட்ரோலைக் குறைக்காமல், விட்டதாகவும் இருக்கலாம். முதலில் அதைப் பாருங்கள்.

மார்ச் 9
உண்மையான வேப்பர் லாக் எனக்கு நேர்ந்ததா என்றால், நேர்ந்தது. இது வேறு விமானம். கீழ் இறக்கை, டேங்க் இன்ஜினைவிடத் தாழ்வாக இருக்கிறது, இன்ஜினோடு சுற்றும் பம்ப் பெட்ரோலை மேல்நோக்கி உறிஞ்ச வேண்டும். உறிஞ்சுவது என்றாலே அந்தக் குழாய்க்குள் அழுத்தம் வெளியே இருப்பதைவிடக் குறைவு. பெட்ரோலைப் பொறுத்தவரை அது தரையில் இருக்கும்போதே சில ஆயிரம் அடி ஏறியது போலத்தான்.

வெயில் நாள். இறங்கினேன், நிறுத்தினேன், இருபத்தைந்து நிமிடம் பேசிக்கொண்டிருந்தேன், திரும்ப ஏறினேன். தரையில் முழு த்ராட்டிலில் எல்லாம் சரி. 3,000 அடி தாண்டும்போது பெட்ரோல் அழுத்த முள் நடுங்க ஆரம்பித்தது. முதலில் ஒரு முடியளவு, அப்புறம் பாதி அளவுக்கு ஊஞ்சலாடியது. இன்ஜின் ஒரு மூச்சு விட்டுவிட்டு ஓடுவது போலத் தயங்கியது. ஐஸ் போல நழுவவில்லை. இருக்கிறது, இல்லை, இருக்கிறது, இல்லை. எலக்ட்ரிக் பம்பைப் போட்டேன், ஏற்றத்தை நிறுத்திக் காற்று நன்றாக உள்ளே போகும்படி மூக்கைத் தாழ்த்தினேன், முள் நின்றது. ஓடுதளத்தை விட்டு விலகாமல் வட்டமடித்து இறங்கிவிட்டேன். தரையில் கால் வைத்தபோதுதான் முட்டி நடுங்குவது தெரிந்தது.

மூடியைக் கழற்றிப் பார்த்தால், பம்புக்குப் போகும் ஹோஸ் எக்ஸாஸ்ட் குழாயிலிருந்து ஒரு விரல் இடைவெளியில் போகிறது. அதன் மேல் இருக்க வேண்டிய தீத்தடுப்பு உறை ஒரு பக்கம் பிளந்து, வாழைப்பழத் தோல் போல் விலகித் தொங்கிக்கொண்டிருந்தது.

மார்ச் 10
ஹோஸ் எவ்வளவு சூடாகிறது என்று எப்படித் தெரிந்துகொண்டேன் என்று கேட்டிருக்கிறார்கள். வெப்பம் காட்டும் ஸ்டிக்கர். சின்னச் சின்னச் சதுரம் வரிசையாக இருக்கும், ஒவ்வொன்றும் ஒரு டிகிரிக்கு. அந்தச் சூட்டைத் தொட்டதும் கறுத்துவிடும், பிறகு வெளுக்காது. பம்பின் உடலில் ஒன்று, ஹோஸில் ஒன்று ஒட்டினேன். முதல் பறப்பில் இறங்கிய உடனே மூடியைத் திறந்து பார்த்தேன், பம்பில் 49 வரை கறுத்திருந்தது. புது ஸ்டிக்கர் ஒட்டி அடுத்த முறை இறங்கியபின் இருபது நிமிடம் மூடியைத் திறக்காமல் விட்டேன். 71.

இதைப் பார்த்தபின் என் பழக்கமே மாறிவிட்டது. பறக்கும்போது காற்று வீசிக் குளிர்விக்கிறது, நிறுத்தியதும் அந்தக் காற்று நின்றுபோய் சிலிண்டரின் சூடெல்லாம் பம்பிலும் ஹோஸிலும் வந்து உட்கார்கிறது. ஆபத்தான நேரம் நீண்ட பறப்பின் நடுப்பகுதி அல்ல, இறங்கி அரை மணி கழித்து மறுபடி ஏறும் அந்த முதல் பத்து நிமிடம். இப்போது நிறுத்தியதும் எண்ணெய் ஊற்றும் சிறு கதவைத் திறந்துவிடுகிறேன், மூக்கைக் காற்றுப் பக்கம் திருப்பி நிறுத்துகிறேன். எல்லாம் செய்தும் கை வைக்க முடியாத சூடு இருந்தால் காத்திருக்கிறேன்.

மார்ச் 11
நேற்றைக்கு ஒரு சேர்க்கை. எலக்ட்ரிக் பம்ப் இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்காதீர்கள், அது எங்கே இருக்கிறது என்று பாருங்கள். டேங்க் பக்கத்தில் இருந்தால் தள்ளும், குழாய் முழுக்க அழுத்தம் கூடும். இன்ஜின் அறைச் சுவரில் மாட்டியிருந்தால் அதுவும் அதே சூட்டில் உட்கார்ந்து அதே பெட்ரோலை உறிஞ்சுகிறது. கீழ் இறக்கை விமானங்கள் சிலவற்றுக்குக் கார் பெட்ரோல் அனுமதி தரும்போது பம்புகளையே மாற்றச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

மார்ச் 15
எத்தனால். இதைப் பற்றித்தான் அதிகம் கேள்வி வந்திருக்கிறது, இதில்தான் நான் கொஞ்சமும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பெட்ரோலில் பத்து சதவீதம் எத்தனால் கலந்தால் ஆவி அழுத்தம் சுமார் 7 கிலோபாஸ்கல் கூடுகிறது. அது ஒன்று. பழைய ரப்பர் சீல், டேங்க் உள்ளே பூசிய பசை, சில ஃபைபர் டேங்கின் பிசின், இவற்றையெல்லாம் ஊறவைத்துக் கரைக்கும். அது இரண்டு. மூன்றாவதுதான் உயரத்தோடு சம்பந்தப்பட்டது. எத்தனால் தண்ணீரை உள்ளே இழுத்துத் தன்னோடு ஒளித்து வைத்துக்கொள்ளும். பறப்பதற்கு முன் டேங்கின் அடியிலிருந்து ஒரு கண்ணாடிக் குப்பியில் வடித்துப் பார்க்கிறோமே, அதில் எதுவும் தெரியாது, பளிங்கு போல் இருக்கும். மேலே போனால் ஆயிரம் அடிக்கு இரண்டு டிகிரி வீதம் குளிர்கிறது. இறக்கைக்குள் இருக்கும் பெட்ரோல் குளிர்ந்ததும் அந்தத் தண்ணீரைத் தாங்க முடியாமல் எத்தனாலோடு சேர்த்துக் கழற்றி அடியில் விட்டுவிடும். டேங்கின் வாய் இருப்பதும் அடியில்தான். அங்கே இன்ஜினுக்குப் போவது தண்ணீரும் சாராயமும். மேலே மிச்சமிருக்கும் பெட்ரோலுக்கும் எத்தனால் போனதால் ஆக்டேன் குறைந்திருக்கும்.

சோதிப்பது எளிது. உயரமான கண்ணாடிக் குழாய், அதில் பத்தில் ஒரு பங்குக்குத் தண்ணீர் ஊற்றி, தண்ணீர் நிற்கும் இடத்தில் கோடு போடுங்கள். மீதிக்குப் பெட்ரோல். மூடிக் குலுக்குங்கள், கீழே வையுங்கள், சில நிமிடம் விடுங்கள். தண்ணீரும் பெட்ரோலும் பிரிந்து நிற்கும். பிரியும் எல்லை கோட்டிலேயே நின்றால் எத்தனால் இல்லை. கோட்டுக்கு மேலே ஏறி நின்றால், எத்தனால் தண்ணீரோடு சேர்ந்து அதன் அளவைக் கூட்டியிருக்கிறது. நான் கோடு போட்டது ஆணியால் கீறி, பேனா மை பெட்ரோலில் அழிந்துவிடுகிறது.

மார்ச் 15, இரவு
ரோட்டாக்ஸ் 912 என்ற சிறு விமான இன்ஜின் எத்தனாலை ஏற்றுக்கொள்கிறதே என்கிறார் ஒருவர். உண்மை, பத்து சதவீதம் வரை அந்த நிறுவனமே அனுமதிக்கிறது. 80 குதிரைத்திறன் வகைக்கு ரிசர்ச் 90, 100 குதிரைத்திறன் 912யுஎல்எஸ் வகைக்கு 95 போதும். அதற்குக் கார் பெட்ரோல்தான் உகந்தது, ஏவ்கேஸ் ஊற்றினால் ஈயம் எண்ணெயில் சேறாகப் படிவதால் எண்ணெயைச் சீக்கிரம் மாற்றச் சொல்கிறார்கள். ஆனால் அது இன்ஜினுக்குக் கிடைத்த அனுமதி. உங்கள் டேங்க், ஹோஸ், சீல், வால்வு இவற்றைச் செய்தது வேறு ஆள். அவரும் சரி என்று சொல்ல வேண்டும்.

மார்ச் 18
"இவ்வளவு தொல்லை என்றால் ஏவ்கேஸையே ஊற்றிவிட்டுப் போகலாமே?" ஊற்றலாம். நான் ஏன் ஊற்றவில்லை என்பதற்கு என் ஸ்பார்க் பிளக்குகளே சாட்சி. 80 ஆக்டேனுக்குச் செய்த இன்ஜின் இது. அந்தப் பழைய 80/87 பெட்ரோலில் அனுமதித்த ஈயத்தைப்போல் நான்கு மடங்கு 100எல்எல்லில் அனுமதிக்கிறார்கள். பெயரில் இருக்கும் "லோ லெட்" பழைய 100/130 பெட்ரோலோடு ஒப்பிட்டு வைத்தது. ஏவ்கேஸில் ஓடிய காலத்தில் ஒவ்வொரு முறை கழற்றும்போதும் கீழ் பிளக்குகளின் குழிக்குள் சாம்பல் நிறத்தில் கடுகளவு ஈய உருண்டைகள் ஒட்டிக்கொண்டிருக்கும், பல் குத்தும் ஊசி போன்ற ஒன்றை வைத்து ஒவ்வொன்றாக நோண்டி எடுக்க வேண்டும். கார் பெட்ரோலுக்கு மாறியபின் ஓர் உருண்டை கூடப் பார்க்கவில்லை. அந்த ஈயத்தைக் கையால் தொட்டு, எரிந்ததை ஓடுதளத்துப் பக்கத்தில் இருப்பவர்கள் சுவாசிக்க விடுவது எனக்கு உறுத்தலாகவே இருந்தது. இந்த விஷயத்தில் எனக்கு நடுநிலை கிடையாது.

மார்ச் 19
அனுமதி பற்றி: அமெரிக்காவில் விமான ஆர்வலர்களின் இஏஏ அமைப்பு 1982ல் முதல் முறையாகச் செஸ்னா 150 என்ற சிறு விமானத்துக்குக் கார் பெட்ரோல் அனுமதி பெற்றது. இன்ஜினுக்கும் விமானத்துக்கும் தனித்தனியாகத் தாள் வேண்டும், டேங்க் மூடி பக்கத்தில் அதற்கான ஸ்டிக்கர் வேண்டும், எத்தனால் கலந்தது ஆகாது. பிரிட்டனில் விமானத் துறை அதிகாரிகள் பொதுவாக வைத்த வரம்பு: டேங்கில் இருக்கும் பெட்ரோல் 20 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கக் கூடாது, 6,000 அடிக்கு மேல் போகக் கூடாது. முதலில் இதைப் படித்தபோது அநியாயக் கெடுபிடி என்று நினைத்தேன். மார்ச் 3 குறிப்பில் நானே எழுதிய எண்களை வைத்துக்கொண்டு மறுபடி படித்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை.

மார்ச் 23
மார்ச் 10ல் ஒன்று விட்டுப்போனது. புது உறை போட்டு, ஹோஸை எக்ஸாஸ்டிலிருந்து நான்கு விரல் தள்ளிக் கட்டி, பம்புக்குக் குளிர்காற்று வரும்படி ஒரு சிறு குழாய் விட்டபின் திரும்ப ஸ்டிக்கர் ஒட்டிப் பார்த்தேன். அதே இருபது நிமிடக் காத்திருப்பு. 60. முன்பு 71. அந்தப் பதினொரு டிகிரிக்கு ஒரு மதியம் செலவானது.

ஏப்ரல் 5
ஒரே பங்கில்தான் வாங்குகிறேன், எத்தனால் இல்லாத பெட்ரோல் என்று அங்கே எழுதியே வைத்திருக்கிறார்கள், ஆறு வருடமாகக் கோடு ஒரு முறைகூட அசைந்ததில்லை. அதனால் ஒவ்வொரு கேனையும் சோதிக்க வேண்டுமா என்று ஒருவர் கேட்டதற்கு "மாதம் ஒரு முறை போதும்" என்று தனியாகப் பதில் போட்டிருந்தேன். அதை வாபஸ் வாங்குகிறேன்.

நேற்றுக் காலை இரண்டு கேன் நிரப்பி வந்தேன். முதல் கேனில் குழாயைக் குலுக்கி வைத்துவிட்டு டயர் காற்றைப் பார்க்கப் போனேன். திரும்பி வந்தால் எல்லை ஆணிக் கோட்டுக்கு மேலே, கிட்டத்தட்ட இரு மடங்கு உயரத்தில் நிற்கிறது. குழாயைக் கழுவி, புதுத் தண்ணீரில் மறுபடி செய்தேன். அதே இடம். இரண்டாவது கேனும் அப்படியே. நாற்பது லிட்டரும் காருக்குப் போயிற்று. இனி ஒவ்வொரு கேனுக்கும் ஒரு குலுக்கல்.